தண்ணீருக்கு வாட்டம் காட்டுவது எப்படி

வடிகால் வெட்டப் போகிறீர்கள் என்றால் முதலில் மண்வெட்டியைக் கீழே வையுங்கள். தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

இருபத்தேழு வருடமாகக் கொத்தனார் வேலை பார்க்கிறேன். ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளி என் ஊர். மண்டபம், தங்கச்சிமடம், பெரியபட்டினம், கீழக்கரை என்று கரையோரமாகவே வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குச் சமமாக வாய்க்காலும் கட்டியிருப்பேன். எனக்குத் தெரிந்தவரை வடிகாலுக்கு உயிர் இரண்டு இடத்தில் இருக்கிறது: ஒன்று வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு; இன்னொன்று வாய், அதாவது தண்ணீர் வெளியேறும் இடம். இந்த இரண்டும் தப்பிவிட்டால், எத்தனை மூட்டை சிமெண்ட் போட்டிருந்தாலும் அது நீளமான ஒரு தொட்டிதான்.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. வேலைக்கு வந்த புதிதில், கடலை ஒட்டிய ஒரு தெருவில் 240 அடிக்கு வாய்க்கால் கட்டினேன். வேலை எடுத்தவர் மேல் கோடியில் ஆரம்பிக்கச் சொன்னார். நானும் பத்தடிக்கு ஒரு அங்குலம் இறக்கி இறக்கிக் கட்டிக்கொண்டே போனேன். வாட்டம் அருமையாக வந்தது. ஆனால் 240 அடிக்கு 24 அங்குலம் இறங்கிவிட்டது. கடல் பக்கம் வாய் போய் நின்ற இடம், பெரிய ஓதத்தில், அதாவது கடல் பொங்கி ஏறும் நேரத்தில், நீர் ஏறுகிற மட்டத்துக்குக் கீழே அரை அடி. கார்த்திகையில் வாடைக்காற்று அடித்த ஒரு பௌர்ணமியன்று அந்தத் தெருவிலிருந்து ஓர் அக்கா ஆள் அனுப்பினார். போய் நின்றேன். "கொத்தனாரே, மழைத் தண்ணி போறதுக்குத்தானே கட்டுனீக? இங்க கடலுல்ல வீட்டுக்குள்ள வருது" என்றார். அவருடைய அடுப்படியில் உப்புத் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. அரிசிப் பானையைத் தூக்கி ஜன்னல் திட்டில் வைத்திருந்தார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து கீழ்க்கோடியில்தான் அளவு எடுக்க ஆரம்பிக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

முதலில் மழையைப் பாருங்கள்

நல்ல மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நில்லுங்கள். எந்தப் பக்கமிருந்து தண்ணீர் வருகிறது, எங்கே நின்று சுழல்கிறது, எந்த வீட்டு வாசலில் முதலில் ஏறுகிறது என்று பாருங்கள். தேங்கும் இடத்துச் சுவரில் காவிக்கல்லால் ஒரு கோடு போட்டு வையுங்கள். மழை விட்டபின் எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் வடிந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். எந்தக் கருவியும் இந்தக் கோட்டுக்கு ஈடாகாது. மழையைத் தவறவிட்டுவிட்டால் தெருவில் உள்ள வயதானவர்களைக் கேளுங்கள். பழைய ஓடை எது, யார் மனைக்கு அடியில் அது போனது என்று அவர்களுக்குத்தான் தெரியும். மூடிப்போன ஓடையைத் தண்ணீர் மறப்பதே இல்லை.

அப்புறம் கணக்கு. 1000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை விழுந்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர். 10 செ.மீ. என்றால் 9,300 லிட்டர். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதில் பெரும்பகுதி மூன்றே மணி நேரத்தில் விழுந்தது. அந்த மாடிக்கு அன்று கிடைத்த தண்ணீர் 37,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி மூன்று. கோடையில் குடம் கணக்கில் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற ஊர் இது. அந்த மூன்று லாரியும் அன்று எங்கே போனது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

தெருவுக்கும் இதே கணக்குத்தான். ஐந்து சென்ட் மனையாக இருபது வீடு இருந்தால் ஒரு ஏக்கர். அதில் 10 செ.மீ. மழை என்றால் 4 லட்சம் லிட்டர். ஒன்றரை அடி அகல வாய்க்காலில் ஒரு அடி ஆழத்துக்குத் தண்ணீர், நொடிக்கு இரண்டடி வேகத்தில் ஓடினால், மணிக்கு 3 லட்சம் லிட்டர் கடத்தும். அந்த மழை ஒரு மணி நேரத்தில் கொட்டினால் வடிய இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான், ஊர் தாங்கிக்கொள்ளும். அதே வாய்க்காலில் அரையடிக்கு மண் படிந்திருந்தால் தண்ணீருக்கு இடமும் பாதி, வேகமும் குறைவு. மணிக்கு 1.5 லட்சம் லிட்டர்கூடப் போகாது. மிச்சம் வீட்டுக்குள் வரும். தூர் வாரச் சொல்லி நான் எல்லாரையும் நச்சரிப்பது இதனால்தான்.

வாட்டம் பிடிப்பது

நம் கரையோரத்தில் நிலம் தட்டையாகக் கிடக்கிறது. கண்ணால் பார்த்து வாட்டம் சொல்கிறவரை நம்ப வேண்டாம், என்னையும் சேர்த்துத்தான். லெவல் டியூப் வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் கண்ணாடி போன்ற அரை அங்குல பிளாஸ்டிக் குழாய் 50 அடி கேட்டால் கொடுப்பார்கள்.

குழாயின் ஒரு முனையை வாளித் தண்ணீரில் முக்கி, மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சித் தண்ணீரை ஏற்றுங்கள். சொட்டு நீலம் இரண்டு துளி கலந்தால் மட்டம் பளிச்சென்று தெரியும். இரண்டு முனையிலும் ஓர் அடி அளவுக்குக் காலியாக இருக்க வேண்டும். பிறகு குழாயை முழு நீளத்துக்கும் கண்ணோட்டம் விடுங்கள். மிளகு அளவுக்கு ஒரு காற்றுக்குமிழி உள்ளே இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். குழாயைச் சுண்டிச் சுண்டிக் குமிழியை முனைக்கு ஓட்டி வெளியேற்றுங்கள். வெயிலில் போட்டு வைத்திருந்த குழாயென்றால் நிழலில் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். இப்போது இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடியுங்கள். இரண்டிலும் தண்ணீர் ஒரே கோட்டில் நின்றால் குழாய் சரி.

வாயிருக்கும் இடத்தில் ஒரு முளை அடித்து, அங்கே ஒருவர் ஒரு முனையைப் பிடிக்கட்டும். மறுமுனையோடு நீங்கள் 40 அடி மேலே போய் இன்னொரு முளை அடியுங்கள். தண்ணீர் ஆடி அடங்கும்வரை பொறுத்திருந்து, இரண்டு முளையிலும் நீர்மட்டத்தில் கோடு போடுங்கள். கோட்டிலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று இரண்டு இடத்திலும் டேப் வைத்து அளந்தால் வித்தியாசம் கையில் வந்துவிடும். இப்படியே 40 அடி 40 அடியாக மேல் கோடிவரை போங்கள். ஒரு தெருவை அளக்க அரை நாள் ஆகும். அந்த அரை நாளைச் செலவழிக்க மனமில்லாமல்தான் எத்தனையோ வாய்க்கால் வீணாய்ப் போயிருக்கிறது.

வீட்டு வளவுக்குள் பத்தடிக்கு ஒரு அங்குலம் இறக்குங்கள். தெரு வாய்க்காலுக்கு அவ்வளவு இறக்க நம் நிலத்தில் வழியில்லை. 25 அடிக்கு ஒரு அங்குலம் கொடுத்து, அடித்தளத்தை நல்ல வழவழப்பாகப் பூசுங்கள். 300 அடித் தெருவுக்கு ஒரு அடி இறக்கம் போதும். அதற்கும் கீழே போனால் மண் ஓடாமல் படிந்துவிடும். கட்டி முடித்ததும் தண்ணீர் விட்டு ஒரு தேங்காய் மட்டைத் துண்டை மிதக்க விடுங்கள். 20 அடியை அது பத்து நொடியில் கடந்தால் அந்த வாய்க்கால் தன் மண்ணைத் தானே தள்ளிக்கொண்டு போய்விடும். இருபது நொடி எடுத்தால் வருடத்துக்கு இரண்டு முறை நீங்கள்தான் இறங்கித் தள்ள வேண்டும்.

மாடிக் குழாயில் கஞ்சத்தனம் வேண்டாம். 1000 சதுர அடிக்கு 4 அங்குலக் குழாய் இரண்டு வையுங்கள். ஒன்று போதும் என்பார்கள். சாதாரண மழைக்குப் போதும்தான். ஐப்பசி மழையைச் சாதாரணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழாய் வாயில் கம்பி வலை கட்டாயம். பன்னாடை கள்ளை வடிகட்டுகிற மாதிரி அது காய்ந்த இலையையும் காக்கை போட்ட எலும்பையும் பிடித்து வைக்கும்.

வாய் எங்கே திறக்க வேண்டும்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். "கடல் பக்கத்திலேதானே இருக்கு, அதுல விட்டுருங்க" என்று சொல்லாத ஆளே கிடையாது. கீழக்கரையில் ஒரு பெரிய வீட்டில் வேலை பார்த்தபோது வீட்டுக்காரரும் இதைத்தான் சொன்னார். "காக்கா, உங்க கிணத்துத் தண்ணி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன் (அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்). "வாப்பா காலத்துல குடிச்சோம். இப்ப குளிக்கக்கூட ஒட்ட மாட்டேங்குது" என்றார். அவர் சொன்னதற்கு அவரே பதில் சொல்லிவிட்டார்.

நம் கடற்கரை மணலுக்கு அடியில் மழைத்தண்ணீர் ஒரு படலமாக, அதற்குக் கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத் தண்ணீர் எடை கூடுதல். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கீழே உப்பை ஏறக்குறைய நாற்பது அடிக்கு அது அமுக்கி வைக்கும். மேலே ஒரு அடி குறைந்தால் கீழே நாற்பது அடிக்கு உப்பு ஏறி வரும். மழைநீரை ஒரு சொட்டு விடாமல் கடலுக்கு ஓட்டிவிட்டு, மோட்டார் போட்டு உறிஞ்சினால் கிணறு உப்பாகாமல் என்ன செய்யும்?

நம் முன்னோர் இதை நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள். இந்தச் சீமையில் ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக, அதாவது மிச்சத் தண்ணீர் வழிகிற கற்கட்டு வழியாக, மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். கடைசிக் கண்மாயும் நிறைந்த பிறகுதான் கடலுக்கு. வைகையே நேராகக் கடலில் விழுவதில்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாயில் சேர்ந்து, மிச்சம்தான் ஆற்றங்கரைப் பக்கம் கடலுக்குப் போகிறது. ராஜசிங்கமங்கலம் கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று இன்றைக்கும் சொல்கிறோம்; நாரையாலும் பறந்து கடக்க முடியாத அளவுக்குப் பெரியது என்று அர்த்தம். தெரு வடிகாலுக்கும் அந்த வரிசையையே வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் வீட்டு மண், அப்புறம் ஊருணி, கடைசியாகக் கடல்.

வீட்டு மண்ணில் இறக்க, மூன்றடி விட்டமுள்ள ஓட்டை போட்ட கிணற்று உறை ஐந்தடி ஆழத்துக்கு இறக்கினால் ஒரு தடவைக்குச் சுமார் 1000 லிட்டர் பிடிக்கும். மணற்பாங்கான இடத்தில் அது சீக்கிரம் மண்ணுக்குள் இறங்கி, அடுத்த தண்ணீருக்கு இடம் விடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கார்த்திகையில் உங்கள் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது? ஐந்தடிக்குள் என்றால் ஐந்தடி உறை வீண், ஏற்கெனவே நிறைந்த குடத்தில் ஊற்றுகிற கதை. அங்கே இரண்டடி ஆழத்தில் நீளமாகக் குழி எடுத்து, அடியில் பெரிய கல், அதன் மேல் ஜல்லி, மேலாகக் கடல் உப்பில்லாத ஆற்று மணல் என்று நிரப்புங்கள். எதுவானாலும் தண்ணீர் அதில் விழுவதற்கு முன் இரண்டடிக்கு இரண்டடி ஒரு சின்னத் தொட்டி கட்டி, அடியிலிருந்து ஒரு அடி உயரத்தில் குழாய் வையுங்கள். மண் தொட்டியில் தங்கும், தெளிந்த தண்ணீர் குழிக்குப் போகும். செப்டிக் டேங்க்கிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்கட்டும். 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பெயருக்கு ஒரு குழாயை மண்ணில் சொருகிவிட்டுப் போவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

ஊருணிக்கு இன்னொரு காரணமும் உண்டு. வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம், நாம் பெண் கடல் என்கிறோமே, அதுதான் கொந்தளித்து நிற்கும். மழையும் அப்போதுதான். ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் மழையும் கொட்டினால், தெருத் தண்ணீர் கடலுக்குள் போக முடியாது. ஓதம் இறங்கும்வரை அந்தத் தண்ணீர் காத்திருக்க ஒரு இடம் வேண்டும். ஊருணியோ பள்ளமான பொட்டலோ அதற்கென்று ஒதுங்கிக் கிடக்க வேண்டும். அதை மண் போட்டு நிரப்பி மனையாக்கினால், காத்திருக்கும் இடம் உங்கள் வீட்டு முற்றமாகிவிடும். (1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது போன்ற கடலேற்றத்துக்கு எந்த வடிகாலும் ஈடு கொடுக்காது. அதற்கு வழி, சொன்ன நேரத்தில் ஊரைவிட்டுக் கிளம்புவது ஒன்றுதான்.)

சாக்கடையைச் சேர்க்காதீர்கள்

அடுப்படித் தண்ணீரையோ கழிவறைக் குழாயையோ மழைநீர் வடிகாலில் விட்டால் எல்லாமே கெட்டது. எண்ணெய்ப் பிசுக்கில் மண் ஒட்டிக் கல்லாக இறுகும். கோடையில் அது தேங்கி நாறும், கொசு முட்டையிடும். மழையில் அத்தனையும் ஊருணிக்கோ கடலுக்கோ போய் விழும். கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கடற்பாசி எடுக்கிற பெண்களின் காலில்தான் அது வந்து படும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986-ல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். நாம் அனுப்பும் சகதி அங்குள்ள பவளப்பாறைமேல் படிந்தால் அதற்கு வெளிச்சமும் இல்லை, மூச்சும் இல்லை. குளிக்கிற தண்ணீரைக் கல்வாழைப் பாத்திக்குத் திருப்புங்கள். கழிவறைக்குச் செப்டிக் டேங்க்தான்.

வண்டி ஏற வாசலில் சாய்தளம் போடுகிறவர்கள் வாய்க்காலுக்குள் 4 அங்குலக் குழாயை வைத்து மேலே கான்கிரீட் போட்டுவிடுகிறார்கள். ஒன்றரை அடி வாய்க்கால் அந்த இடத்தில் நாலு அங்குலம் ஆகிவிடுகிறது. அடுத்த வீட்டில் தண்ணீர் ஏறினால் இதுதான் காரணம். குழாயே வேண்டாம், வாய்க்கால் அகலத்துக்கு மேலே பலகைக்கல் பாலம் போடுங்கள். மூடி போட்ட வாய்க்கால் என்றால் பத்தடிக்கு ஒரு பலகையாவது கைப்பிடி வைத்துத் தூக்கும்படி இருக்கட்டும். தூக்க முடியாத மூடிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மழை நேரத்தில் மட்டும் மூடியைத் திறந்து போடாதீர்கள். கலங்கின தண்ணீரில் பள்ளம் தெரியாது, பிள்ளைகள் விழுந்துவிடும்.

புரட்டாசி வேலை

தூர் வாருவதைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். வாரின மண்ணைக் கரையிலேயே குவித்து வைக்காதீர்கள், அன்றைக்கே அள்ளிவிடுங்கள். விட்டுவைத்தால் முதல் மழையிலேயே அது பழையபடி உள்ளே போய்விடும்; நாலு பேர் கூலி வீண். கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்காலில் சீமைக் கருவேலம் நின்றால் மேலே வெட்டினால் போதாது, தூரோடு எடுக்க வேண்டும். பழைய வலை, தெர்மாகோல் பெட்டி, காவோலை மூன்றும்தான் நம் ஊர் வாய்க்காலை அடைக்கிற பெரிய எதிரிகள். வாயிலும் திருப்பத்திலும் கம்பிக் கிராதி வைத்துவிட்டு, மழை வரும் முன் அதைக் கழுவி விடுங்கள்.

பெரிய வேலைக்கு ஊராட்சியிடம்தான் போக வேண்டும். கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அக்டோபர் 2-ல் கேட்டால் ஐப்பசி மழை வாசலில் நிற்கும், ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே தீர்மானம் கேளுங்கள். வெறும் மனுவோடு போகாமல், லெவல் டியூப் வைத்து எடுத்த அளவுகளை ஒரு தாளில் படமாகப் போட்டு, எங்கே தேங்குகிறது, எங்கே வாய் வேண்டும் என்று குறித்து இணையுங்கள். அந்தத் தாள் இருந்தால் வருகிற பொறியாளருக்கும் வேலை சுலபம், நீங்கள் சொல்வதற்கும் எடை கூடும்.

அந்த அக்கா வீட்டுத் தெருவைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அடுத்த பங்குனியில் என் கூலியை விட்டுக்கொடுத்து, கீழ்ப்பகுதி 120 அடியைப் பிரித்து, 25 அடிக்கு ஒரு அங்குலம் என்று திரும்பக் கட்டினேன். வாய் ஓத மட்டத்துக்கு மேலே வந்துவிட்டது. அதையும் மீறி ஏறுகிற ஓதத்துக்காக வாயில் ஒரு பலகைக் கதவும் வைத்தேன்: மேலே கீல், கடல் பக்கமாக மட்டும் திறக்கும், விளிம்பில் லாரி டியூப் ரப்பர். தெருத் தண்ணீர் தள்ளினால் திறக்கும், கடல் தள்ளினால் தானே சாத்திக்கொள்ளும். அந்தப் பக்கம் போனால் இப்போதும் பார்த்துவிட்டுத்தான் வருவேன். இப்படி ஒரு கதவு வைத்தீர்கள் என்றால் ஒரு வேலை மட்டும் பாக்கி இருக்கும். கீலிலும் ரப்பரிலும் சிப்பியும் பாசியும் ஒட்டிக் கதவைச் சாத்த விடாது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்தான் ஓதம் அதிகம். அதற்கு முந்தின நாள் பழைய கத்தி ஒன்றை எடுத்துப் போய் சுரண்டிவிட்டு, கீலுக்குக் கொஞ்சம் கிரீஸ் வைத்து, கதவைக் கையால் இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.